பொத்தான அமத்தினா பாண் வருதாம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் பிறகு வாசியுங்கள், ஆனால் வாசியுங்கள். குறிப்பாகக் கடைசிப் பந்தியை.

மூன்று நாளாக நமதூர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வொய்ஸ் சுற்றுகிறது. பேசியவர் யாரென்று தேடவில்லை, தெரிந்தாலும் இங்கே எழுதப் போவதில்லை. நாலு நிமிடப் பேச்சு. சாரம் இதுதான்: "இப்ப உள்ள பொம்பிளையளுக்கு மா பிசையக் கை நோகுதாம். மெஷின வாங்கி வெச்சிக்கிட்டு பொத்தான அமத்துறாங்க, பாண் வருது. அதுக்கு பேக்கரிய விட ரெண்டு மடங்கு வில. கேக்குக்கு கேக்குற சல்லியக் கேட்டா தல சுத்துது. வீட்டுல சும்மா இரிக்கிறவங்களுக்கு இது பகல்கொள்ளை."

கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக. "சரியாச் சொன்னீங்க நானா" என்று எழுதியவர்களில் இரண்டு பேர் என் வகுப்புப் பிள்ளைகளின் வாப்பாமார். இரண்டு பேருடைய வீட்டுப் பிறந்தநாள் கேக்கும் எந்த வீட்டிலிருந்து போனது என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு கேக்குக்கு இன்னும் சல்லி போகவில்லை என்பதும் தெரியும்.

நான் பத்தாம், பதினோராம் ஆண்டுக்கு வணிகமும் கணக்கும் படிப்பிக்கிறவள். கொள்ளை என்று யாராவது சொன்னால் எனக்குக் கை தானாகப் பேனையைத் தேடும். முதலில் பாணையே பார்ப்போம்.

கடைப் பாண் ஒரு இறாத்தல் என்றால் 450 கிராம் இருக்க வேண்டும், அதுதான் சட்டம். பாண் மெஷினில் ஒரு தரம் போடுவது 500 கிராம் கோதுமை மா, 300 மில்லிலீற்றருக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீர், 7 கிராம் ஈஸ்ட், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் சீனி, பால்மா, பட்டர். வெந்து வெளியே வரும்போது ஏறக்குறைய 750 கிராம். வொய்ஸ் நானா சொன்ன "ரெண்டு மடங்கு" விலைக்கு பேக்கரியில் 900 கிராம் கிடைக்கும், இங்கே 750. எடைக்கு எடை பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான் கூட. அதில் பாலும் பட்டரும் இருக்கிறது. பாணைத் தராசில் வைக்காமல் விலையை மட்டும் வாயில் வைத்தால் கொள்ளை மாதிரித்தான் தெரியும்.

அடுத்தது அந்தப் பொத்தான்.

எனக்கும் ஒரு மெஷின் இருக்கிறது. சவூதியில் இருந்து வரும்போது மச்சான் கொண்டுவந்தது. முதல் மாதம் நான் சுட்ட பாணைக் கோழிக்குத்தான் போட்டோம். பொத்தானைச் சரியாகத்தான் அமத்தினேன். கூடவே வந்த கொப்பியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தது. குளிர்நாட்டுக்காரருக்கு எழுதின கொப்பி அது. நம்மட ஊரில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தாங்கித் தண்ணீர் வெயிலிலேயே இளஞ்சூடாகத்தான் வருகிறது. அதை ஊற்றினால் மா நேரத்துக்கு முன் பொங்கி, வேகிற நேரம் நடு இறங்கி, குழி விழுந்த பாண் வரும். பிரிட்ஜ் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஈஸ்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், உப்பும் ஈஸ்டும் ஒன்றையொன்று தொடாமல் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தது பக்கத்துத் தெரு ராத்தா ஒருவர். அவர் ஏழாம் வகுப்போடு நின்றவர். முதல் ஐந்து நிமிடம் மூடியைத் திறந்து பார் என்றார். மா பந்தாக உருண்டு சுவரில் ஒட்டாமல் சுற்ற வேண்டும். ஒட்டினால் ஒரு கரண்டி மா, கட்டியாகி 'டொக் டொக்' என்று அடித்தால் ஒரு கரண்டி தண்ணீர். மழைக்காலத்தில் மாவே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அப்போது தண்ணீரின் அளவு வேறு. இதெல்லாம் எந்தப் பொத்தானில் எழுதியிருக்கிறது?

கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போது ஒரு விரிவுரையில் கேட்ட கதை ஒன்று இந்த வொய்ஸைக் கேட்டதும் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு உகந்த பாண் மெஷினை முதலில் உருவாக்க முயன்றது ஜப்பானின் ஒசாகாவில் மட்சுஷிதா கம்பனி, 1980களின் நடுவில். இன்றைக்கு பனசொனிக் என்று நாம் சொல்வது அதைத்தான். பெரிய பெரிய பொறியியலாளர்கள் செய்து பார்த்தார்கள். வெளியே கருகியது, உள்ளே வேகவில்லை. மெஷின் பிசைந்த மாவையும் பாண்காரர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள், பிடிபடவில்லை. அந்தக் குழுவில் மென்பொருள் வேலை பார்த்த இக்குகோ தனாகா என்ற பெண், ஒசாகாவில் பாணுக்குப் பேர்போன ஒரு ஹோட்டலின் தலைமைப் பாண்காரரிடம் போய்ப் பழகுநராக நின்றார். நாள்கணக்கில் மாப் பிசைந்தார். அந்த மனிதர் மாவை இழுக்கும்போது கூடவே ஒரு முறுக்கு முறுக்குகிறார் என்று அவர் கண்டுபிடித்தார். அந்த முறுக்கை மெஷினுக்குள் கொண்டுவர, உட்பாத்திரத்தின் சுவரில் மேடான வரிகள் வைத்தார்கள். 1987இல் மெஷின் கடைக்கு வந்தது.

உங்கள் வீட்டு மெஷினின் பாத்திரத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், அந்த மாதிரி மேடு இருக்கக்கூடும். ஒரு மனிதரின் கைப்பக்குவம் அது. அதை ஒரு பெண் நின்று பார்த்துக் கற்றிருக்கிறார். மெஷின் செய்தவர்களே கையின் மதிப்பை அறிந்துதான் செய்தார்கள். மெஷின் வாங்கின நமக்குத்தான் கை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

சரி, இனி கேக்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி. சாதாரண தரத்தில் கணக்குக்கு 'ஏ' எடுத்தவள். உயர்தரம் படிக்கிற காலத்திலேயே கலியாணம் முடிந்தது, அது வேறு கதை, அதற்கும் ஒரு பதிவு எழுத வேண்டும். மாப்பிள்ளை கட்டாரில் இருந்தவர், 2020 கொரோனாவோடு வேலை போய் வந்தார், இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். அவள் வீட்டிலேயே கேக் அடித்து விற்கத் தொடங்கினாள். ஒரு ஓவன், ஒரு பீட்டர், பிறகு பணிஸ் மா பிசைய ஒரு பாண் மெஷின். ஒவ்வொரு ஓடரையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் வரவு செலவு பிரித்து எழுதுவாள், நான் படிப்பித்த மாதிரியே. போன மாதம் அந்தக் கொப்பியை எனக்குக் காட்டினாள்.

ஒரு கிலோ பிறந்தநாள் கேக். அவள் சொன்ன விலை 3,500 ரூபா. பட்டர், முட்டை, சீனி, மா, ஐசிங் எல்லாம் சேர்த்து 2,050. பலகை, பெட்டி 250. கரண்டுக்கு 100 போட்டிருந்தாள். 2022 ஆகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 ஏறி, 2023 பெப்ரவரியில் அதன்மேல் இன்னொரு 66 ஏறினதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு குறைத்தார்கள்தான். ஆனால் 90, 120, 180 என்று அலகு படியேறும்போது பில்லும் ஏறுகிறது, அந்த வீட்டில் ஏற்றுவது ஓவன்தான். ஆகச் செலவு 2,400. மிச்சம் 1,100.

இதில் நான் ஒரு வரி கூட்டினேன். அவள் பெறுமானத் தேய்வு போடவில்லை. படிப்பித்த பாடம்தான், மறந்துவிட்டாள். ஓவனும் பீட்டரும் சேர்த்து 85,000. ஐந்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 17,000. மாதம் எட்டுக் கேக் என்றால் ஒரு கேக்கின் தலையில் 177 ரூபா. மிச்சம் 923. பட்டர் அடிப்பதிலிருந்து, வெந்து, ஆறி, ஐசிங் பூசி, பேர் எழுதிப் பெட்டியில் வைக்கும் வரை அவளுக்கு ஐந்து மணித்தியாலம். மணிக்கு 185 ரூபா.

இது முழு விலை கிடைத்தால். கிடைப்பதில்லை. "மூவாயிரத்துக்குத் தா புள்ள, வீட்டுல செய்யிறதானே" என்பார்கள். 500 போனால் மிச்சம் 423. மணிக்கு 85 ரூபாவும் இல்லை.

எங்கள் வீட்டு மதில் கட்டும்போது மேசனுக்குக் கைக்கு நின்ற தம்பிக்கு நாள் கூலி 3,000 கொடுத்தோம். எட்டு மணித்தியாலம். யாரும் அவரிடம் "சும்மா வீட்டுல இரிக்கிற நேரத்துலதானே வாறீங்க" என்று கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. ஹோட்டலில் கொத்து ரொட்டி கொத்துகிறவரிடம் "ரெண்டு தட்டுத்தானே தட்டினீங்க" என்று விலை பேசிய ஆம்பிளை ஒருவரை எனக்குக் காட்டுங்கள். கொழும்புக்குப் போய் பெரிய கேக் கடையில் இதைவிட இரண்டு பங்கு விலைக்கு வாங்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு ஏழெட்டு மணித்தியாலம் பஸ்ஸில் பத்திரமாகக் கொண்டு வருகிறோம். அங்கே வாய் திறக்கவில்லை. பில் அச்சடித்து வந்தால் அது விலை. ஒரு தங்கச்சி வாயால் சொன்னால் அது பேரம்.

நான் யோக்கியமானவள் என்று நினைத்து எழுதவில்லை. போன ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு ஆசிரியர் அறைக்குப் பெரிய கேக் ஒன்று ஓடர் போட்டது நான்தான். அதே பிள்ளையிடம். "டீச்சருக்குத்தானே, கொஞ்சம் பார்த்துப் போடு மகள்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு குறைத்தாள். போன மாதம் கொப்பியைப் புரட்டும்போது அந்தப் பக்கம் வந்தது. "டீச்சர் - 800 குறைவு" என்று ஒழுங்காக, நான் படிப்பித்த அதே மாதிரி, கழிவு நிரலில் எழுதியிருந்தாள். அந்தக் கேக்கில் அவளுக்கு மிஞ்சினது எவ்வளவு என்று பக்கத்தில் இருந்தது. அதை இங்கே எழுத எனக்கு வெட்கம். 800 ரூபாவை அப்போதே கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்று அழுதாள். எனக்குப் பாடம் நடத்தினது போல இருந்தது.

இனி நியாயமான குற்றச்சாட்டுகளுக்கும் வருகிறேன், இல்லாவிட்டால் ஒரு பக்கம் பேசுகிறாள் என்பீர்கள்.

வீட்டில் செய்து விற்கிற தங்கச்சிமாரே, நீங்களும் சிலது திருத்த வேண்டும். மாஜரீனில் அடித்துவிட்டு 'பட்டர் கேக்' என்று எழுதாதீர்கள். அது பொய். வேறு யாரோ செய்த கேக்கின் படத்தை உங்கள் பக்கத்தில் போடாதீர்கள். ஜெலட்டின் பாவித்தால் அது எதிலிருந்து எடுத்தது என்று வாங்குகிறவர் கேட்க முன் சொல்லுங்கள். நம்மவர்தானே என்று நம்பித்தான் வாங்குகிறார்கள், அந்த நம்பிக்கைக்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். எடை, செய்த திகதி இரண்டையும் பெட்டியில் ஒட்டுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு ஒளியாமல் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரி 3,500 சொன்னால் நீங்கள் 2,800 சொல்லி ஓடரைப் பிடிப்பது கெட்டித்தனம் இல்லை. அவளையும் விழுத்தி நீங்களும் விழுவீர்கள். செலவுக் கணக்குப் போடத் தெரியாவிட்டால் வீட்டுக்கு வாருங்கள், அஸருக்குப் பிறகு இருப்பேன், சொல்லித் தருகிறேன்.

பாண் மெஷின் வாங்கித் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெறும் பாணை விற்று பேக்கரியோடு போட்டி போட முடியாது. மெஷின் மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு பாண்தான் தரும். அடியில் கத்தி நின்ற இடத்தில் ஓட்டை வேறு இருக்கும், அதற்கும் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். அதை மாப் பிசைகிற ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். மாப் பிசையும் நிரலில் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில் பிசைந்து பொங்கவும் வைத்துத் தரும், நீங்கள் அதற்குள் பிள்ளைக்குச் சோறு கொடுக்கலாம். பிறகு உருட்டி, சீனிச் சம்பலோ மீனோ வைத்து, ஓவனில் போட்டால் பணிஸ். அதில்தான் கையில் ஏதும் நிற்கும். இராவைக்கு நேரம் குறித்து வைத்துவிட்டுப் படுத்தால் ஸுபஹுக்குப் பாண் தயார் என்று விளம்பரத்தில் சொல்வது உண்மைதான், ஆனால் அப்படி வைப்பதானால் பச்சைப் பாலும் முட்டையும் ஊற்றாதீர்கள், நம்மட வெக்கைக்கு விடிய முன் பழுதாகிவிடும். கரண்டைப் பற்றிப் பயமும் வேண்டாம், பாணுக்கு மெஷின் இழுப்பது அரை அலகுக்கு உள்ளேதான், ஓவனை அதே வேலைக்கு மூட்டினால் ஒரு அலகுக்கு மேல் போகும். கரண்ட் இல்லாவிட்டால்தான் இரண்டுமே சும்மா. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, காஸுக்கும் வரிசை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அப்போது இதே பெண்கள்தான் வாசலில் மூன்று கல் வைத்து விறகில் ரொட்டி சுட்டு வீட்டை ஓட்டினார்கள். கை நோகிறது என்று அன்றைக்கு யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

வீண்விரயம் என்று அந்த வொய்ஸில் ஒரு சொல் வந்தது. அதை நான் முழுதாக மறுக்க மாட்டேன். ஆனால் விரயம் எங்கே நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நம்மட கரையோர ஊர்களில் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். வீடு முடிந்ததும் குசினி. பிரிட்ஜ், ஓவன், மைக்ரோவேவ், எயார் பிரையர், இப்போது பாண் மெஷினும் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மூன்று வருடமாகப் பொலித்தீன் கழற்றாத மெஷின் ஒன்றை ஒரு வீட்டில் என் கண்ணால் கண்டேன். உத்தரவாத அட்டையில் பேர்கூட எழுதவில்லை. அந்த வீட்டு வாப்பா அந்த அலுமாரியை நிரப்பத் தவணைக்குச் சாமான் எடுத்து, வட்டியோடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த மெஷின் விரயம். அதைப் பற்றி வொய்ஸ் போடுங்கள், நான் முதல் ஆளாகப் பகிர்வேன். சீதன அலுமாரியில் தூங்குகிற மெஷினுக்கு மாஷா அல்லாஹ், இரண்டு பிள்ளைக்குச் சோறு போடுகிற மெஷினுக்கு நக்கலா?

"பேக்கரிக்காரர் பிழைப்பில் மண்" என்றும் ஒருவர் கீழே எழுதியிருந்தார். காலையில் பீத்தோவன் பாட்டைப் போட்டுக்கொண்டு வருகிற சூன் பாண் ஆட்டோவை எங்கள் தெருவில் ஒரு வீடும் விட்டுவைப்பதில்லை, கேக் அடிக்கிற வீடுகள் உட்பட. அந்தப் பிள்ளையின் வீட்டிலும் காலைப் பசியாற கடைப் பாணும் பருப்பும்தான். தன் ஓவனில் சுட்டது அவளுக்குக் கட்டுப்படியாகாது என்று சிரித்துக்கொண்டு சொன்னாள்.

கடனுக்கு வருகிறேன். இதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் 'வரவேண்டியோர்' என்று ஒரு பட்டியல். பதினேழு வீடுகள். மொத்தம் 41,500 ரூபா. ஒருவர் நோன்புப் பெருநாளைக்கு வாங்கினது, ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. பெருநாளுக்கு முந்தின இரவு அவள் ஸஹர் நேரம் வரை விழித்திருந்து அடித்த கேக்குகள் அவை. மறுநாள் தன் பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றிவிடக்கூட நிமிர முடியவில்லை என்றாள். கேட்டால், "இன்னா அனுப்புறன்", "பேங்க் அப் வேலை செய்யுதில்ல", "எங்கட மகன்ட மாமா தருவார்". இரண்டாம் தரம் கேட்டால், "இதுக்கா இப்படி அலையுறா" என்று ஊருக்குள் பேச்சு. பொம்பிளை, கடன் கேட்டு வாசலுக்குப் போக முடியாது, அதுவும் உங்களுக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் இழுக்கிறீர்கள். வியர்வை காய முன் கூலி என்று ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்து, அந்த வியர்வை பெருநாளிலிருந்து பெருநாள் வரை காய்ந்து கிடக்கிறது.

போன வாரம் அவள் பீட்டரை விற்றுவிட்டாள். 25,000க்கு வாங்கினது, 9,000க்குப் போனது. சின்னவனுக்கு மருந்தெடுக்க. வந்திருந்த ஓடர்களைத் திருப்பிவிட்டாள். அடுத்த நாள் இந்த வொய்ஸ் அவளுடைய போனுக்கும் வந்திருக்கிறது, குடும்பக் குழுமம் ஒன்றில் சிரிப்புப் பொம்மையோடு. எனக்கு அதை அனுப்பியது அவள்தான். ஒன்றும் எழுதவில்லை, அனுப்பினாள், அவ்வளவுதான்.

பதினேழு வீடுகளின் பேரும் எனக்குத் தெரியும். போட மாட்டேன், அவளும் வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். யார் யார் என்று உங்களுக்கே தெரியும். இன்றிரவு இஷாவுக்கு முன் அனுப்பிவிடுங்கள். கணக்கு இலக்கம் என்னிடம் கேட்க வேண்டியதில்லை. ஓடர் போட்ட அதே வட்ஸ்அப்பில் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள், நீங்கள் 'ஓகே தங்கச்சி, நாளைக்குப் போடுறன்' என்று எழுதினதற்கு மேலே இருக்கிறது.

வஸ்ஸலாம்.